கண்ணாடிக்கு வந்த பழம்

குருபோங்கிலிருந்து காஜா பேராங் வழியாக மலாக்கா பாசாருக்குப் போகும் காலை பஸ்ஸின் டிரைவர் தெய்வநாயகத்துக்கு அந்தப் பறவையை முதல் நாளே பிடிக்காமல் போய்விட்டது. பாவம், அது அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கண்ணாடியை மறைத்தது, அவ்வளவுதான்.

கண்ணாடி என்றால், டிரைவர் கதவுக்கு வெளியே இரும்புக் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டக் கண்ணாடி. பின்னால் வரும் லோரியைப் பார்ப்பதற்காகக் கம்பெனி வைத்தது. தெய்வநாயகம் அதைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். அந்தக் கோணத்தில் சாலை பாதிதான் தெரியும். மீதிப் பாதியில், அவருக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் உட்காரும் சீதாவின் முகம் தெரியும். மூன்று வருஷமாகப் பின்னால் வந்த லோரிகள் எல்லாம் ஹாரன் அடித்துத்தான் தங்கள் வரவைத் தெரிவித்துக்கொண்டிருந்தன.

சீதாவும் அவள் அம்மா மீனாச்சியும் காஜா பேராங் செட்டி கம்பத்துக்காரர்கள்; கம்பம் என்றால் கிராமம். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த தமிழ் வணிகர்கள் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிப் பெருகிய வம்சம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், நெற்றியில் திருநீறு இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். ஆகவே இந்தக் கதையில் தாயும் மகளும் பேசுவது, அவர்களிடம் மற்றவர்கள் பேசுவது எல்லாம் மலாய்; தமிழில் சொல்லிக்கொண்டு போவோம். தேங்காய்ப்பாலும் தென்னைவெல்லமும் போட்டுப் பலகாரம் செய்து, கூடையில் அடுக்கி, தினமும் காலையில் பாசாருக்குக் கொண்டுபோய் விற்பது அவர்கள் பிழைப்பு.

சீதாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. தெய்வநாயகத்துக்கு நாற்பது வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. தோட்டத்தில் பிறந்தவர். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் போய்த் திரும்பவில்லை. அம்மா காத்திருந்து காத்திருந்து காய்ச்சலில் போனாள். அதற்குப் பிறகு அவருக்குக் கல்யாணம் பேச ஓர் ஆளில்லை. தானே பேசிக்கொள்ளும் சாமர்த்தியமும் இல்லை. மூன்று வருஷத்தில் அவர் சீதாவிடம் சொன்னது "மழை வரும்போல இருக்கு" என்பது மட்டும்தான். அதை இரண்டு முறை சொன்னார். ஒரு முறை மழையும் வந்தது.

இப்படி ஒரு வழியாக ஓடிக்கொண்டிருந்த காதலின் குறுக்கேதான் அந்தப் பறவை வந்து உட்கார்ந்தது.

ஆள் பெரிது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மூக்கின் மேல் இன்னொரு மூக்கை வைத்துக் கட்டியது போன்ற மஞ்சள் அலகு. தமிழில் இருவாச்சி என்பார்கள். அந்த பஸ்ஸில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. புருங் என்றார்கள். மலாயில் புருங் என்றால் பறவை. மற்ற பறவைகளைப் பற்றிப் பேச யாருக்கும் அவசியம் வரவில்லை.

இருவாச்சி ஜோடி போட்டு வாழும் ஜாதி. குருபோங் பக்கம் காட்டை வெட்டியபோது இதன் ஜோடி என்ன ஆயிற்றோ தெரியாது. இது மட்டும் ரப்பர் மரங்களுக்கு மேலே கத்திக்கொண்டு திரிந்தது. பதிலுக்குக் கத்த யாரும் இல்லை. ஒருநாள் காஜா பேராங் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, கண்ணாடிக்குள் இன்னோர் இருவாச்சி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டது.

மறுநாள் கண்ணாடிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு கழுத்தைக் குலுக்கி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு ஆலம்பழத்தை மேலே கொண்டுவந்து, அலகின் நுனியில் பிடித்து, மிகவும் மரியாதையாகக் கண்ணாடிக்கு நீட்டியது. கண்ணாடி வாங்கிக்கொள்ளவில்லை. பழம் வழுக்கி, ஜன்னல் வழியாகத் தெய்வநாயகத்தின் மடியில் விழுந்தது.

அவர் பழத்தைப் பார்த்தார். பறவை அவரைப் பார்த்தது. எறிந்தால் அதன் மனம் நோகுமோ என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த மாதிரி ஆள். கைக்குட்டையால் பழத்தைத் துடைத்தார். என்ன நினைத்தாரோ, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டினார். பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. விரல் பட்டது. அன்றைக்கு பஸ் பாசாருக்குப் போய்ச் சேர்ந்தது டிரைவரின் திறமையால் என்று சொல்ல முடியாது.

அதிலிருந்து தினமும் இதேதான். பறவை கண்ணாடிக்குக் கொடுக்கும், பழம் மடியில் விழும், அவர் துடைத்துப் பின்னால் நீட்டுவார். ஆலம்பழம், லங்சாட், ரம்புத்தான், யார் வீட்டிலிருந்தோ திருடிய சிக்கு, அதாவது சப்போட்டா. கண்ணாடியிடம் வேலை முடிந்ததும் பறவை பஸ்ஸின் கூரைமேல் ஏறி, டக் டக் என்று நடந்து, ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்க்கும். பயணிகளும் வாழைப்பழம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பஸ் கிளம்பினால் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு சுடுகாட்டுத் திருப்பம் வரைக்கும் கூடவே வரும். அது வராத நாளில் பஸ்ஸை எடுக்க விடாமல், "ஒரு நிமிஷம் பாருங்களேன்" என்று கெஞ்சுவார்கள். இவ்வளவு அன்பை அந்த ஜனங்கள் கண்டக்டர் கருணாகரனிடம் ஒருநாளும் காட்டியதில்லை.

"அண்ணே, மெர்டேக்கா வந்தா இதுக்கு குடியுரிமை குடுப்பாங்களா?" என்று கேட்டான் கருணாகரன். சுதந்திரம் வர இரண்டு மாதம்கூட இல்லை; அவன் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

"இங்க பொறந்ததுதானே. குடுப்பாங்க."

"நானும் இங்கதாண்ணே பொறந்தேன். நமக்குத்தான் சுசா, கஷ்டம். பொறந்த சூராட் காயிதம் இல்லங்கிறான். இதுகிட்ட யாரு சூராட் கேக்கப்போறா?"

பறவை எதற்கு வருகிறது என்பது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தெய்வநாயகத்துக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குக் கோணம் சரியில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காட்டுப் பறவை பழம் கொண்டுவருகிறது, அந்தப் பழம் தினமும் தவறாமல் சீதாவின் கைக்குப் போகிறது. மீனாச்சி அம்மாள் அந்தப் பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. யாரோ வாயில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்த பழம். வேறு யாராக இருந்தாலும் சீ என்று வீசியிருப்பார்கள். மீனாச்சி அம்மாளின் புத்தி வேறு வழியில் போயிற்று.

செட்டி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வருஷ நடுவில், பழக் காலத்தில், செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் பழம் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். படைத்துக் கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உயிரோடிருப்பவர் யாரும் ஒரு சுளையைக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. முதலில் அவர்கள் வாய், அப்புறம்தான் நம் வாய்.

"இதுல வாய் வெச்சாச்சு," என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி அறிவித்தார் மீனாச்சி அம்மாள். "இது எங்க வீட்டுக்காரர்."

வீட்டுக்காரர் ராஜரத்தினம் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளை வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு திரிந்த மனிதர். மூக்கு பெரிது. எல்லாம் பொருந்திவிட்டது.

"உசிரோட இருந்தப்போ ஒரு ரம்புத்தான் உரிச்சுக் குடுத்ததில்ல," என்றார் அந்த அம்மாள். "செத்தப்புறம்தான் புத்தி வந்திருக்கு."

அங்கேயே தெய்வநாயகம் வாயைத் திறந்திருக்க வேண்டும். அது கண்ணாடியைப் பார்த்து மயங்கிய வெறும் பறவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்குப் பழத்தைப் பின்னால் நீட்ட முடியாது. சொல்லவில்லை. விரல் பட்ட ருசி அவர் வாயை அடைத்துவிட்டது.

அதற்கு வட்டியும் முதலுமாக வந்தது ஒரு புதன்கிழமை. சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை வருகிறார் என்றார் மீனாச்சி அம்மாள். கணேசமூர்த்தி என்று பெயர், நம் ஆட்கள், துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஞாயிற்றுக்கிழமை பழப் பார்ச்சு. அன்று காலை மாப்பிள்ளையைக் கூட்டிவந்து பஸ்ஸில் சீதாவின் இடத்தில் உட்கார வைப்பது. அப்பா பழம் கொண்டுவருவார். டிரைவர் எப்போதும்போலப் பின்னால் நீட்டுவார். மாப்பிள்ளை கைக்குப் பழம் வந்து சேர்ந்தால் அப்பாவுக்குச் சம்மதம் என்று அர்த்தம். வீட்டுக்குப் போய்ப் பார்ச்சிலேயே பேச்சை முடித்துவிடலாம்.

"அப்பா யாருக்குக் குடுக்கிறாரோ அதுதான் முடிவு. நான் குறுக்கே பேச மாட்டேன்," என்று பஸ்ஸுக்கே சத்தியம் செய்து கொடுத்தார்.

பயணிகள் எல்லோருக்கும் ஏற்பாடு பிடித்திருந்தது. டிரைவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. தபால்பெட்டியிடம் யாராவது சம்மதம் கேட்பார்களா? கண்ணாடியில் அவர் சீதாவின் முகத்தைத் தேடினார். பறவை மறைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் கொட்டகையில் தெய்வநாயகம் கண்ணாடியின் திருகைக் கழற்றினார். துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்தார்.

"கண்ணாடி எங்கண்ணே?" என்றான் கருணாகரன்.

"ஆடுது."

"நேத்து ஆடலயே."

"இன்னைக்கு ஆடுது."

அவர் போட்ட திட்டம் எளிது. கண்ணாடி இல்லையென்றால் பறவை கொடுக்காது. கொடுக்காவிட்டால் நீட்டப் பழம் இருக்காது. மாப்பிள்ளை வந்த வழியே போவார். இதில் தனக்கு என்ன கிடைக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. சொந்தக் கையால் அந்தப் பழத்தை இன்னொருவனுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

காஜா பேராங் நிறுத்தத்தில் கம்பமே திரண்டிருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கால்சட்டையோடு கணேசமூர்த்தி ஏறி, சீதாவின் இடத்தில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். சீதா ஏறவில்லை. டிரைவர் ஜன்னலுக்குப் பக்கத்தில், வெறும் கம்பிக்கு நேராகக் கீழே நின்றாள். கம்பியைப் பார்த்தாள். அப்புறம் தெய்வநாயகத்தைப் பார்த்தாள்.

பறவை வந்தது. கம்பியில் உட்கார்ந்து, கழுத்தைக் குலுக்கி, லங்சாட் பழம் ஒன்றை அலகு நுனிக்குக் கொண்டுவந்து, நீட்டப் போய், நின்றது.

கம்பியின் அந்தப் பக்கம் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது. பறந்து போய் முன்விளக்கை எட்டிப் பார்த்தது. கூரைமேல் ஏறி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தது. பழத்தை விடவில்லை. மறுபடியும் கம்பிக்கே வந்து கத்தியது. தினமும் கத்தும் கத்தல் இல்லை அது. ரப்பர் மரங்களுக்கு மேலே தனியாகத் திரிந்த நாட்களில் கத்திய கத்தல். கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அது ஜன்னலுக்குள் தலையை நீட்டித் தெய்வநாயகத்தைப் பார்த்தது. கழற்றி ஒளித்து வைத்தவர் அவர்தான் என்று அதற்குத் தெரியாது. தனக்குப் பழக்கமானவர் அவர் ஒருவர்தானே என்று அவரிடமே கேட்க வந்திருந்தது.

தெய்வநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. நம்முடைய வயிற்றெரிச்சலுக்கு ஒரு தனிக்கட்டையின் துணையையா பிடுங்கி வைப்பது என்று தன்மேலேயே கோபம் வந்தது. குனிந்து துணியைப் பிரித்து, கண்ணாடியை இரண்டு கையாலும் ஜன்னலுக்கு வெளியே பிடித்தார்.

பறவை கத்தலை நிறுத்தியது. உள்ளே இருந்த பறவையை நன்றாகப் பார்த்து, அதுவேதான் என்று உறுதி செய்துகொண்டு, பழத்தை நீட்டியது. பழம் கண்ணாடியில் வழுக்கி, அதன் அடியைத் தாங்கிய அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"குடுத்துட்டார்!" என்றார் மீனாச்சி அம்மாள். "டிரைவர், பின்னால நீட்டுங்க."

பின்னால் கணேசமூர்த்தி, விரல் படாதிருக்க இன்னொரு கைக்குட்டையை எடுத்து ஏந்தினார்.

தெய்வநாயகம் கைக்குட்டையைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, கண்ணாடியைப் பறவைக்குத் தெரியும்படி பஸ் படியில் சாய்த்து வைத்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடி இல்லாமல் சீதாவை நேருக்கு நேர் பார்த்தார். பழத்தைச் சட்டையில் துடைத்து, அவள் கையில் வைத்தார். அப்புறம் அவள் அம்மாவிடம் திரும்பி, மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிட்டார்.

"மக்சிக், இது உங்க வீட்டுக்காரர் இல்ல. வெறும் புருங். கண்ணாடில தன்னையே பார்த்து, ஜோடின்னு நெனச்சிக்கிட்டுக் குடுக்குது. முதல் நாள்லயிருந்தே எனக்குத் தெரியும். சொல்லல. என் தப்பு."

மீனாச்சி அம்மாள் பறவையைப் பார்த்தார். அது கண்ணாடிமேல் கன்னத்தை வைத்து உரசிக்கொண்டிருந்தது.

"கண்ணாடிலயா?" என்றார்.

"ஆமா."

"தன்னையே பார்த்தா?"

"ஆமா, மக்சிக்."

"அப்போ அவரேதான்," என்றார் மீனாச்சி அம்மாள். "கண்ணாடிய விட்டு நகர மாட்டார் அந்த மனுஷன். கல்யாணத்தன்னிக்கு முகூர்த்தம் தப்பினதே அவர் தலை சீவி முடிக்காததாலதான். இவ்வளவு நாளும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இப்ப இல்ல."

தெய்வநாயகத்துக்கு அதற்கு மேல் உண்மை எதுவும் கைவசம் இல்லை.

அப்போதுதான் சீதா பேசினாள். "அப்பாவோ, புருங்கோ, யாரா இருந்தாலும் குடுத்தது கண்ணாடிக்கு," என்றாள். "எனக்கு ஒருநாளும் குடுக்கல. தினமும் துடைச்சு எனக்குக் குடுத்தது இவர். இன்னிக்கும் இவர்தான்."

மீனாச்சி அம்மாள் வாயைத் திறந்தார். பஸ்ஸுக்கே சத்தியம் செய்து கொடுத்தது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். ஜன்னல்தோறும் சாட்சிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ அதை நான் சாப்பிட வேண்டியதில்லையே?" என்று உள்ளிருந்து கேட்டார் கணேசமூர்த்தி. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். வேண்டியதில்லை என்றான் கருணாகரன். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், இந்தக் கல்யாணத்தில் அவருக்கும் அவ்வளவாகப் பிடிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

மீனாச்சி அம்மாள் தெய்வநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார். தோட்டத்துப் பிள்ளை. நம் ஆளில்லை. பேச வீட்டில் பெரியவர்கள் இல்லை.

"உங்க அப்பா அம்மாவுக்கு யாரு படைக்கிறா?"

"யாரும் இல்ல. அப்பா எங்க செத்தாருன்னே தெரியாது. எந்தத் தேதில, எங்க வெச்சுப் படைக்கிறது?"

"அவங்களுக்கு என்ன பழம் புடிக்கும்?"

"அப்பாவுக்கு டுரியான்." தெய்வநாயகம் யோசித்தார். "அம்மா எங்களுக்குச் சுளையைக் குடுத்துட்டுக் கொட்டையத்தான் சப்புவாங்க. எது புடிக்கும்னு தெரியல, மக்சிக்."

"அப்போ எல்லாத்துலயும் ஒண்ணு வெப்போம்," என்றார் மீனாச்சி அம்மாள். "சீதா, மத்தியானத்துக்கு இன்னும் ரெண்டு இலை வெட்டு."

பஸ் அன்று பாசாருக்குத் தாமதமாகத்தான் போனது. யாரும் புகார் சொல்லவில்லை. மத்தியானம் செட்டி கம்பத்து வீட்டில் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றபோது, தெய்வநாயகமும் நின்றார். உள்ளே தன் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கோர் இலைக்கு முன் உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்பே அவருக்குப் புதிதாக இருந்தது. அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிடப் போகிறார்களே என்று பயமாகவும் இருந்தது. "மெதுவா சாப்பிடட்டும்," என்றார். மீனாச்சி அம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

கண்ணாடியை அவர் திரும்ப பஸ்ஸில் மாட்டவில்லை. நிறுத்தத்தை ஒட்டியிருந்த ரம்புத்தான் மரத்தில், நல்ல உயரத்தில், கம்பி போட்டுக் கட்டிவிட்டார். பறவை அங்கேயே குடியேறிவிட்டது. மீனாச்சி அம்மாள் தினமும் பஸ் ஏறுமுன் அண்ணாந்து பார்த்து, "போதும், சீவினது போதும்," என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு ஏறுவார். அதுவும் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வீட்டுக்காரர் இருந்தபோதும் இப்படித்தானாம்.

கல்யாணம் மெர்டேக்காவுக்கு அடுத்த மாதம் என்று முடிவாயிற்று. அதுவரை சீதா அதே இடத்தில் உட்கார்ந்து பாசாருக்குப் போனாள். ஒருநாள் சுடுகாட்டுத் திருப்பத்தைத் தாண்டியதும் முன்பக்கம் குனிந்து, "கண்ணாடிய நீங்க மரத்துக்குக் குடுத்திருக்கக் கூடாது," என்றாள்.

"ஏன்? பாவம், அதுக்கு யாரு இருக்கா?"

"அதுக்குச் சரி. நான் எதுல பார்க்கிறது?"

தெய்வநாயகம் கொஞ்ச தூரம் ஓட்டினார். "எதை? பின்னால வர்ற லோரியையா?"

"லோரிய யாரு பார்த்தா?" என்றாள் சீதா. "உங்களுக்கு என் முகம் தெரிஞ்சா எனக்கு உங்க முகம் தெரியாதா? மூணு வருஷமா அந்த இடத்துக்காக அம்மாகிட்ட சண்டை போட்டு உக்காந்திருக்கேன்."

பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. தெய்வநாயகம் வழி விடவில்லை.